ஏறின நம்பர்

எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சீசனில் உலகம்மாளின் கடையில் பழம் காணாமல் போக ஆரம்பித்தது. ஒன்றிரண்டு என்றால் குரங்கின் தலையில் போட்டுவிடலாம். குற்றாலத்தில் எது தொலைந்தாலும் பழி அதற்குத்தான். ஆனால் இது குரங்கு வேலை மாதிரி இல்லை. விரித்த சாக்கின் இடது ஓரத்தில் கொஞ்சம், வலது ஓரத்தில் கொஞ்சம் என்று மங்குஸ்தான் குறைந்துகொண்டே வந்தது. நடுவில் அடுக்கியது அப்படியே இருந்தது. குரங்குக்கு ஓரம், நடு என்கிற பாகுபாடெல்லாம் கிடையாது.

பேரருவிக்குப் போகிற பாதையில், எண்ணெய்க் கடைகளைத் தாண்டி அவள் கடை. நாலு மூங்கில், மேலே ஒரு தார்ப்பாய். மகன் சொரிமுத்து விடிகிற நேரத்துக்கே மலையேறி, எஸ்டேட்டிலிருந்து பழக்கூடையைத் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டு வருவான். மருமகள் சண்முகசுந்தரி தரம் பிரித்து, ஈரம் துடைத்து அடுக்குவாள். விற்கிறது உலகம்மாள். அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் பேரம் பேசாமல் வாங்கிப் போவார்கள்.

அந்தக் கடையில் மதிப்பான சரக்கு துரியன் பழம். நாற்றத்தில் பக்கத்தில் நிற்க முடியாது. பிள்ளையில்லாத தம்பதிகள் அதற்கென்றே மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருவார்கள். "தின்னுட்டுப் போங்க. அடுத்த சீசனுக்கு மூணு பேரா வருவீய" என்று உலகம்மாள் கூசாமல் சொல்லுவாள். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்காத மருமகள் பக்கத்திலேயே குனிந்து பழம் துடைத்துக்கொண்டிருப்பாள். அவளும் அந்தப் பழத்தைச் சீசனுக்குச் சீசன் தின்றவள்தான்.

"ஏட்டி, ஒனக்குக் கண்ணு எங்கன இருக்கு? பக்கத்துல வந்து ஒருத்தன் அள்ளிட்டுப் போறான், நீ சிலை மாதிரி இருக்கியே!"

"தெரியல அத்தை."

"தெரியலயா? கைக்கெட்டுற தூரத்துல நிக்கவன் தெரியலயா?"

கொஞ்ச நாளாகவே சுந்தரி அப்படித்தான். வாசலில் நுழையும்போது நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பாதையில் சைக்கிள்காரன் மணியடித்தும் விலகாமல் திட்டு வாங்கினாள். அடிக்கடி தலைவலி வேறு. சொரிமுத்து தென்காசியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். எதிரே மாட்டியிருந்த அட்டையில் கடைசி வரி வரைக்கும் சுந்தரி வாசித்துவிட்டாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

கண்ணில் குறையில்லை என்றால் தலையில் சூடு என்று உலகம்மாள் முடிவு கட்டினாள். சூட்டுக்கு வைத்தியம் ஊரிலேயே கொட்டுகிறது. உச்சியில் எண்ணெய் வைத்து, நித்தமும் பேரருவியில் பெண்கள் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். மலை மூலிகையெல்லாம் அலசிக்கொண்டு வருகிற தண்ணீர், கிறுக்கையே தெளிய வைக்கும் என்பார்கள். சுந்தரி கம்பியைப் பிடித்துக்கொண்டு, மடமடவென்று தலையில் விழுகிற தண்ணீரில் வாய்விட்டு அழுவாள். அருவி இரைச்சலில் அது யாருக்கும் கேட்காது.

இப்படி இருக்கும்போதுதான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூ விற்கிற ஹைருன் பீவி ஒரு நாள் ஒன்றைச் சொன்னாள். "ஆச்சி, ஒங்க மருமவ தெனம் மல்லியப்பூ வாங்குதாவளே, வீட்டுல ஏதும் பூசையா?"

உலகம்மாளுக்குச் சுருக்கென்றது. அவள் வீட்டில் சாமி படத்துக்குச் செவ்வரளிதான். மருமகள் தலையில் பூ பார்த்து மாதக்கணக்காயிற்று. தினம் வாங்குகிற பூ எங்கே போகிறது? யாருக்குப் போகிறது? ஓரத்தில் குறைகிற பழமும், தலையில் ஏறாத பூவும் அவள் மனசுக்குள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு ஆளாக நின்றன. மகன் மலையில் அட்டைக்கடி பட்டுச் சுமந்துகொண்டு வருகிறான், இவள் கீழே எவனுக்கோ பழமும் பூவும் கொடுக்கிறாளா என்று அவளுக்குக் கொதித்தது. ஏற்கெனவே அவள் கீழப்பாவூரில் சொரிமுத்துவுக்கு இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று தோன்றிவிட்டது.

மறுநாள் மத்தியானம் மழைக்குக் கடையை மூடிவிட்டு வந்தவள், நேராகப் பின்கட்டுக்குப் போனாள். குளிக்கிற தட்டிக்குப் பின்னால் சுந்தரி நின்றிருந்தாள். உலகம்மாள் பக்கவாட்டில் வந்து நின்றும் அவளுக்குத் தெரியவில்லை. மார்பில் இறுக்கிக் கட்டியிருந்த துணியை அவள் அவிழ்த்தாள். உள்ளேயிருந்து கசங்கி மஞ்சளித்துப்போன மல்லிகைப்பூ பொலபொலவென்று காலடியில் உதிர்ந்தது.

பூவை எதற்கு அப்படிக் கட்டுவார்கள் என்று உலகம்மாளுக்குத் தெரியும். பிறந்த பிள்ளை தவறிப்போனால், சுரந்து கட்டிக்கொள்கிற பால் வற்றட்டும் என்று மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். அவளே ஒரு தடவை கட்டியிருக்கிறாள்.

"என்னட்டி இது? யார் பிள்ளைட்டி? எங்கன பெத்தே?"

சுந்தரி திடுக்கிட்டுத் திரும்பினாள். அப்புறம் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிள்ளையே இல்ல அத்தை. சத்தியமா இல்ல. பால் மட்டும் வருது. ரெண்டு வருசமா வருது. நா என்ன செய்யட்டும்?"

"பிள்ளையில்லாம பால் வருமா?"

"வருதே! ஒங்க வீட்டுலதான இருக்கேன். ஒரு நாளு ஒங்க கண்ணுக்குத் தப்பி வயித்தைத் தூக்கிட்டு நடந்துருப்பனா?"

அது நியாயம்தான். உலகம்மாளின் கண்ணுக்குத் தப்பி அந்தத் தெருவில் எந்த வயிறும் வளர்ந்ததில்லை. வாந்தி எடுக்கிற சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டே மாசம் சொல்லுகிறவள் அவள். அப்புறம் சுந்தரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாத விலக்கு நின்று இரண்டு வருஷமாகிவிட்டதாம்.

"மாசா மாசம் பின்கட்டுல பாயப் போட்டுக் கெடந்தியே, அது?"

"சும்மாத்தான் கெடந்தேன். நின்னுட்டுன்னு தெரிஞ்சா நீங்க கீழப்பாவூருக்கு ஒரேயடியா முடிவு சொல்லிருவீய. பால் வருதுன்னு தெரிஞ்சா ஊரு என்னைக் கல்லால அடிக்கும். ரெண்டு பக்கமும் கதவு சாத்துன மாதிரி இருட்டிக்கிட்டு வருது அத்தை. நேரே பாத்தா நீங்க தெரியுதீய. கொஞ்சம் தள்ளி நின்னா இல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல நேரயும் தெரியாது போல."

உலகம்மாள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. அப்படி ஒன்று அவள் ஆயுசில் நடந்ததில்லை. உதிர்ந்த பூவைக் காலால் ஒதுக்கிவிட்டு, முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்தாள்.

"கூறு கெட்ட மூதி. எங்கிட்டச் சொல்லிருக்கப்பிடாதா?" என்றாள். சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்பதும் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அதனால் மேலே ஒன்றும் கேட்கவில்லை. "சேலையை மாத்து. தென்காசிக்குப் போவோம்."

தென்காசியில் டாக்டர் நீலாவின் ஆஸ்பத்திரி கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அங்கே போயும் சுந்தரி, "தலைவலி டாக்டரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். உலகம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"தலைவலியில்ல டாக்டரம்மா, இவ பொய் சொல்லுதா. பிள்ளையில்லாம பால் வருது. விலக்கு நின்னு ரெண்டு வருசம். ரெண்டு பக்கமும் கண்ணு தெரியல. பூவ வச்சுக் கட்டிக்கிட்டுத் திரியுதா." தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

டாக்டர் நீலா எழுதுவதை நிறுத்தினாள். சுந்தரியைத் தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து விரல்களை ஆட்டினாள். சுந்தரிக்கு ஆடுகிற விரல் தெரியவில்லை. கைகள் கிட்டக் கிட்ட வந்து, முகத்துக்கு நேரே வந்த பிறகுதான், "ஆடுது" என்றாள்.

"நாளைக்கே திருவனந்தபுரம் போங்க," என்றாள் டாக்டர். "மூளைக்கு அடியில ஒரு கட்டி இருக்கும்போலத் தோணுது. பயப்படாதீங்க. பால் வருதுன்னு சொன்னீங்கல்ல, அதுதான் நல்ல துப்பு. இதை நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்கும் வெறும் தலைவலிதான்."

மூளையில் கட்டி என்று கேட்டதும் சொரிமுத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. செங்கோட்டையில் அவர்கள் சொந்தக்காரர் ஒருவரைத் தலையைத் திறந்து பார்க்கிறோம் என்று கொண்டுபோனார்கள். திறந்தது திறந்ததுதான். சுந்தரி அவனைவிடத் தைரியமாக இருந்தாள். இரண்டு வருஷமாகத் தனியாகத் தூக்கிச் சுமந்ததை மாமியார் கையில் கொடுத்துவிட்ட நிம்மதி அவளுக்கு.

கொல்லத்தில் வண்டி மாறி மூன்று பேரும் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே நரம்பு டாக்டர் அனந்தநாராயணன். பேச்சில் மலையாளம் கலந்திருந்தாலும் பூர்வீகம் தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடிதான் என்று தெரிந்ததும் உலகம்மாளுக்குப் பாதி பயம் போய்விட்டது. தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஒரு நர்ஸ் வந்து சுந்தரியின் கையைக் கட்டி ரத்தம் எடுத்தாள்.

"டாக்டரே, நோவு தலையில. நீங்க கையில குத்துதீயளே?"

டாக்டர் சிரித்தார். "ஆச்சி, மூளைக்கு அடியில பட்டாணி கணக்கா ஒரு சுரப்பி இருக்கு. பிள்ளை பெத்தவளுக்குப் பால் சுரக்கட்டும்னு உத்தரவு போடறது அதுதான். அதுல கட்டி வந்தா, பிள்ளை இருக்கோ இல்லையோ, ஓயாம உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கும். அதுக்கு மேலதான் கண்ணு நரம்பு போறது. கட்டி வளர வளர அதைக் கீழேயிருந்து நெருக்கும், ரெண்டு பக்கமும் இருட்டும்."

"அது சரி, கையில என்ன இருக்கு?"

"உத்தரவு ரத்தத்துலதானே போகணும்? அதை இப்போ அளந்துடலாம். புரோலாக்டின்னு பேரு. முன்னெல்லாம் தலையைத் திறந்து பார்த்தாத்தான் தெரியும். இப்போ ஒரு ஊசி ரத்தம் போதும். உங்க மருமகளுக்கு இருபத்தஞ்சுக்குள்ள இருக்கணும்."

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. அறுநூறைத் தாண்டியிருந்தது. சொரிமுத்து சுவரில் சாய்ந்துவிட்டான். டாக்டர் மட்டும் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"இவ்வளவு ஏறியிருந்தா வேற கட்டி இல்லை, இந்தக் கட்டிதான்னு ஏறக்குறைய நிச்சயம். இதுக்கு மாத்திரை வந்திருக்கு. கத்தியே வைக்காம சுருக்கப் பார்க்கலாம். ரத்தத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கிட்டே இருப்பேன். நம்பர் இறங்கினா கட்டி சுருங்கறதுன்னு அர்த்தம். ஏறினா ஆப்பரேஷன்தான். மாத்திரை வாந்தியைக் கொண்டுவரும், பொறுத்துக்கணும்."

வாந்தி வந்தது. ராத்திரிச் சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் காலை வரை குடலைப் புரட்டும். சுந்தரி தூணைப் பிடித்துக்கொண்டு எடுப்பாள். உலகம்மாள் நாரத்தங்காய் ஊறுகாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "என்ன, விசேசமா?" என்று சிரித்தபோது, "விசேசமில்ல, மாத்திரை. ஒன் சோலியப் பாரு" என்று உலகம்மாள் அவள் வாயை அடைத்தாள்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கடையின் வலது ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு டூரிஸ்ட் ரம்புட்டானை அள்ளிப் பைக்குள் போட்டான். நேரே பார்த்துக்கொண்டிருந்த சுந்தரி, தலையைத் திருப்பாமலேயே அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அத்தை! இவன் தெரியுதான்! அத்தை, எனக்கு இவன் தெரியுதான்!"

அந்த ஆள் பழத்தைப் போட்டுவிட்டுக் கையை உதறினான். மாமியார் ஓடி வந்து கன்னத்தில் நாலு கொடுப்பாள் என்றுதான் பக்கத்துக் கடைக்காரர்கள் காத்திருந்தார்கள். உலகம்மாளோ ஒரு சீப்பு மலைவாழையும் எடுத்து அவன் பையில் வைத்து, "நீ நல்லாருப்ப ராசா, போ" என்று அனுப்பிவைத்தாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அடுத்த ரத்தத்தில் நம்பர் நூற்று நாற்பதுக்கு வந்தது. அதற்கடுத்ததில் பதினெட்டு. பால் நின்றது. தலைவலி போயிற்று. ஒரு நாள் சுந்தரி வெட்கப்பட்டுக்கொண்டே பின்கட்டில் பாயை விரித்தாள், இந்தத் தடவை நிஜமாக. மருமகள் தூரமானதற்குப் பாயசம் வைத்த மாமியார் அந்தத் தாலுகாவிலேயே உலகம்மாள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். "பதினெட்டு" என்று கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். என்ன பதினெட்டு என்று கேட்டவர்களுக்கு முழுக் கதையும் கிடைத்தது. இதற்கிடையில் ஒரு பஸ் பிடித்துக் கீழப்பாவூர் போய், "எம் மவனுக்குப் பொண்டாட்டி இருக்கா, நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டும் வந்துவிட்டாள்.

மறுவருஷம் சீசன் தொடங்குகிற நேரத்தில் வாந்தி திரும்ப வந்தது. அடங்கிப்போயிருந்த வாந்தி முன்னைவிட மோசமாக வந்தது. மாத்திரை போட்டாலே வெளியே வந்துவிடுகிறது என்று சுந்தரி அதை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முன்னாலேயே விலக்கும் நின்றிருந்தது. ஒரு மாதம் பார்த்தாள், இரண்டாம் மாதமும் பார்த்தாள். பழைய சீக்கு முதலில் இப்படித்தானே ஆரம்பித்தது? இந்தத் தடவை ஒளிக்காமல் உலகம்மாளிடம் வந்து சொன்னாள்.

"நின்னுட்டு அத்தை. அது திரும்பி வந்துட்டு போல."

கடையை அப்படியே போட்டுவிட்டு மறுபடியும் திருவனந்தபுரம். ரத்தம் கொடுத்துவிட்டுச் சாலை பஜாரில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, முடிவு வருகிற நாளில் ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் நாகர்கோவில்காரி ஒருத்தி. அவள் புருஷனுக்கும் இதே கட்டி, இதே ரத்தம், இதே காத்திருப்பு. "நமக்கு எறங்கணும் அக்கா. ஏறினா தலைய அறுக்கணும்னு சொல்லியாச்சு" என்றாள். உலகம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே டாக்டரின் முகம் சரியாக இல்லை.

"ஏறியிருக்கு, ஆச்சி. நல்லாவே ஏறியிருக்கு."

சொரிமுத்து சுந்தரியின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றான். டாக்டர் எழுந்து வந்து இரண்டு கைகளையும் விரித்து விரல்களை ஆட்டினார். சுந்தரி எடுத்த எடுப்பிலேயே இரண்டு பக்கமும் சொன்னாள். மறுபடியும் ஆட்டினார், மறுபடியும் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"கண்ணு நல்லா இருக்கே. தலைவலி?"

"இல்ல."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியா?"

சுந்தரி மாமியாரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "நிப்பாட்டிட்டேன். வாந்தி தாங்கல."

"அட பாவி மவளே!" என்று உலகம்மாள் கத்தினாள். "கண்ணு வந்த கொழுப்பா ஒனக்கு? எதுக்குட்டி நிப்பாட்டுன?"

"இருங்க ஆச்சி," என்று டாக்டர் கையைக் காட்டினார். "நிறுத்தி எவ்வளவு நாள் ஆச்சும்மா?"

"ஒண்ணரை மாசம் இருக்கும்."

"இப்போ வாந்தி நின்னுடுத்தா?"

"இல்ல டாக்டர். காலையில எந்திரிச்சாலே வருது. சோறு வடிக்குற வாடையே ஆவல."

டாக்டர் சுந்தரியைப் பார்க்காமல் உலகம்மாளைப் பார்த்தார். உலகம்மாள் அவரைப் பார்த்தாள். மாத்திரையே போடாதவளுக்கு மாத்திரை வாந்தி எப்படி வரும்? சுவருக்கு அந்தப் பக்கத்து வாந்தியையெல்லாம் கணக்குப் பண்ணினவள், தன் வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு எடுத்த வாந்திக்கு ஊறுகாய் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பட்டென்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

"எப்பிடிப்பட்ட சிறுக்கி நான்! டாக்டரே, இது..."

"இருங்க, பார்த்துட்டுச் சொல்லலாம்," என்றார் டாக்டர். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டிருந்தது.

மேல்மாடிக்கு அனுப்பினார்கள். பெண் டாக்டர் பார்த்தாள். சிறுநீரையும் சோதித்தார்கள். வெயில் சாய்வதற்குள் சேதி தெரிந்துவிட்டது. மூன்று மாதம். சுந்தரி கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம் புருஷனின் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். சொரிமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், அங்கே நின்ற காவல்காரரையும் நர்ஸையும் மாறி மாறிக் கும்பிட்டான்.

"அப்போ அந்த நம்பரு?" என்று உலகம்மாள் டாக்டரிடம் வந்து நின்றாள்.

"மாத்திரையை நிறுத்தினதுனாலயும் ஏறும். பிள்ளை உண்டானாலும் ஏறும், எல்லாப் பெண்களுக்கும் ஏறும். பிள்ளைக்குப் பால் தயார் பண்றதுதானே அந்தச் சுரப்பியோட வேலை? உங்களுக்கும் இவன் வயத்துல இருந்தப்போ ஏறித்தான் இருக்கும். அளக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்." அப்புறம் குரலைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். "மாத்திரை இப்போ வேண்டாம். பிரசவம் வரைக்கும் ரத்தத்தை நம்பிப் பிரயோஜனமில்லை, கண்ணைத்தான் பார்க்கணும். மாசம் ஒரு தடவை நீலா டாக்டர்கிட்ட விரலை ஆட்டிப் பார்த்துக்கோங்க. ஓரத்துல கொஞ்சம் இருட்டினாலும் அன்னைக்கே ரயில் ஏறணும். சரியா?"

"தெனம் நானே ஆட்டிப் பாக்கேன் டாக்டரே. பத்து வெரலையும் ஆட்டிப் பாக்கேன்."

வெளியே வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெஞ்சில் அந்த நாகர்கோவில்காரி இன்னும் உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"என்னாச்சு அக்கா? நம்பரு?"

"ஏறிட்டு!" என்றாள் உலகம்மாள். பழம் கூவி விற்ற குரல். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஏறிட்டு யம்மா! நல்லா ஏறிட்டு!"

நாகர்கோவில்காரியின் முகம் செத்துப்போயிற்று. ஐயோ பாவம், இந்த அம்மாளுக்குத் துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து, அவளை இறுகக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். உலகம்மாள் அவளுக்கு விஷயத்தைச் சொல்லத்தான் பார்த்தாள், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் வார்த்தை வெளியே வரவில்லை. பின்னால் நின்ற சுந்தரி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, பல வருஷத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள்.